கருவி செய்தவர்களின் பள்ளிப் பருவம்

எக்ஸ் கதிரைக் கண்டறிந்த வில்ஹெல்ம் ரோன்ட்கனிடம் பள்ளியிறுதிச் சான்றிதழ் கிடையாது. ஹாலந்தின் உட்ரெக்ட் நகரில் ஒரு தொழில்நுட்பப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார். ஆசிரியர் ஒருவரைக் கேலிச்சித்திரமாக யாரோ வரைந்துவிட்டார்கள். வரைந்தது வேறொரு மாணவன்; பழி ரோன்ட்கன்மேல் விழுந்தது; பள்ளியை விட்டு நீக்கினார்கள். சூரிச் பாலிடெக்னிக்கில் அந்தச் சான்றிதழ் இல்லாமலும் சேர வழியுண்டு என்று கேள்விப்பட்டு அங்கே போய் இயந்திரப் பொறியியல் படித்தார். 1895 நவம்பர் 8ஆம் தேதி வூர்ட்ஸ்பர்க் ஆய்வகத்தில் அந்தக் கதிர் அவர் கண்ணில் பட்டது. டிசம்பரில் மனைவியின் கையெலும்புகளைப் படமெடுத்தார். அவருடைய சிறுவயதைப் பற்றிச் சொல்லும்போது இரண்டு செய்திகளைத் தவறாமல் சொல்வார்கள்: திறந்தவெளியில் காடுமேடாக அலையப் பிடிக்கும், கையால் சின்னச் சின்னப் பொறிகள் செய்வதில் கெட்டிக்காரர்.

மருத்துவமனைக் கருவிகளோடு வேலைக்காலம் முழுவதையும் கழித்தவள் நான். பத்தாம் வகுப்பு முடிவு வந்ததும் தெரிந்தவர்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வருவார்கள். "பயோமெடிக்கல் இன்ஜினீயரிங்தான் படிப்பேன்னு நிக்கிறா மேடம். எந்த குரூப் எடுக்கணும், இந்த ரெண்டு வருஷத்துல வேற என்ன பண்ணணும்?" என்பார்கள். குரூப்புக்கு மட்டும் பதில் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வராது. இந்தத் தொழில் எப்படி வந்தது, இதைத் தொடங்கியவர்கள் அந்த வயதில் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்வேன். கைவேலை தெரிந்தவரும் நோயாளியின் பக்கத்தில் நின்றவரும் சந்தித்த இடத்தில்தான் ஒவ்வொரு மருத்துவக் கருவியும் பிறந்திருக்கிறது. சில சமயம் அந்த இருவரும் ஒரே ஆளாக இருந்தார்கள். நம் பள்ளிக்கூடமோ பதினைந்து வயதிலேயே அவர்களைப் பிரித்து வெவ்வேறு வகுப்பறையில் உட்கார வைக்கிறது. பயோமெடிக்கல் படிக்க விரும்பும் பிள்ளை மேல்நிலைப் பள்ளியில் செய்யவேண்டிய முதல் காரியம், அந்தப் பிரிவினைக்கு உட்படாமல் இருப்பது.

குரூப் பிரிந்த கதை

1978க்கு முன்பு தமிழ்நாட்டில் பதினோராம் வகுப்போடு எஸ்.எஸ்.எல்.சி. முடிந்துவிடும். அதன்பிறகு கல்லூரியில் ஓராண்டு பி.யூ.சி. 1978இல் பத்துடன் இரண்டு என்ற முறை வந்தது. பி.யூ.சி. போய், பிளஸ் ஒன், பிளஸ் டூ என்ற இரண்டு வகுப்புகள் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே வந்தன. கல்லூரியில் இருந்த பிப்பெட்டும் வெர்னியர் காலிப்பரும் பள்ளி மாணவர் கைக்கு எட்டின. அந்தத் தொடக்ககால மாணவிகளில் நானும் ஒருத்தி. குடியாத்தத்தில் கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் நான்கும் சேர்ந்த ஃபர்ஸ்ட் குரூப் எடுத்தேன். செகண்ட் குரூப்பில் தாவரவியலும் விலங்கியலும் உண்டு, கணிதம் கிடையாது. பிற்பாடு உயிரியலுக்குப் பதில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கும் வழி வந்தது. பொறியியலுக்குப் போகும் பிள்ளைகளில் பெரும்பாலோர் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள்.

ஏன் சாய்ந்தார்கள் என்பதற்கு மதிப்பெண் கணக்கைப் பார்த்தால் போதும். 1980களின் நடுவில் தொழிற்படிப்புகளுக்கு நுழைவுத் தேர்வு வந்தது. பிளஸ் டூ மதிப்பெண்ணுக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100, ஆக மொத்தம் 300க்குக் கட்-ஆஃப். 2006இல் நுழைவுத் தேர்வை நீக்கிச் சட்டம் இயற்றினார்கள். 2007 சேர்க்கையிலிருந்து கட்-ஆஃப் 200 ஆயிற்று. பொறியியலுக்குக் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. உயிரியலுக்கு ஒன்றுமில்லை. மருத்துவத்துக்கு, நீட் வரும்வரை, உயிரியல் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. கணிதத்துக்கு ஒன்றுமில்லை. மதிப்பெண் தராத பாடம் சுமையென்று வீடுகள் முடிவு செய்தன. பெற்றோரை நான் குறை சொல்லமாட்டேன். அரை மதிப்பெண்ணில் கல்லூரி கைநழுவிப்போவதைப் பார்த்தவர்கள் அவர்கள். ஆனால் இதயத்தின் நான்கு அறைகளைப் பற்றிப் படித்தவர்கள் ஒரு பக்கமும், மின்னோட்டத்தைக் கணக்கிடத் தெரிந்தவர்கள் மறுபக்கமுமாகப் போனார்கள். பேஸ்மேக்கருக்கு இரண்டு பக்கமும் வேண்டும். 2019இல் கணிதம், உயிரியல் இரண்டில் ஒன்றை விட்டுவிட்டு ஐந்து பாடம் மட்டும் படிக்கலாம் என்று அரசாணை வந்து, 2020இல் திரும்பப் பெறப்பட்டது. அன்று எனக்கு உண்மையான நிம்மதி.

எங்கள் காலத்தில் எனக்குத் தெரிந்த எந்தக் கல்லூரியிலும் இளநிலையில் பயோமெடிக்கல் என்ற பெயரில் படிப்பு இல்லை. பி.எஸ்சி. இயற்பியல் முடித்து, குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் இன்ஸ்ட்ருமென்டேஷன் சேர்ந்தேன். ராஜம் 1949இல் அந்தக் கல்லூரியைத் தொடங்கியபோதே விமானம், மோட்டார் வாகனம், மின்னணுவியல் ஆகியவற்றோடு கருவியியலையும் ஒரு பாடப்பிரிவாக வைத்தார். நாட்டில் பல இடங்களில் அப்படி ஒரு படிப்பை யாரும் நினைத்துப் பார்க்காத காலம் அது. சர்க்கரை ஆலைக்கும் அனல்மின் நிலையத்துக்கும் போகவேண்டிய கருவியியல்காரர்களில் சிலர் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தோம். அழுத்தத்தை அளப்பது கொதிகலனில் என்றாலும் ரத்தக்குழாயில் என்றாலும் அடிப்படை ஒன்றுதானே என்ற துணிச்சலில் வந்தோம். வந்தபிறகுதான் நோயாளி என்ற மனிதரைப் பற்றி எங்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை என்பது புரிந்தது. எனக்கு அந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டியது என் அம்மா. அவர் ஸ்டாஃப் நர்ஸ். கண்ணாடி சிரிஞ்சுகளைக் கொதிக்கும் நீரில் போட்டெடுத்து, வெள்ளைத் துணியில் வரிசையாக அடுக்குவதைப் பள்ளி விட்டு வந்து பார்த்துக்கொண்டிருப்பேன். விடுமுறை நாட்களில் கடைத்தெருவில் மாமாவின் ரேடியோ ரிப்பேர் கடை. சால்டரிங் ராடைப் பிடிக்கக் கற்றுக்கொண்டது அங்கேதான். அந்த இரண்டு இடங்களில் கற்றதை எந்தக் கல்லூரியும் எனக்கு மறுபடி கற்றுக்கொடுக்கவில்லை.

வைக்கோற்போரும் மெட்ரோனோம் சுற்றும்

சி.டி. ஸ்கேன் கருவியை உருவாக்கிய காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டு இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்ஷயரில் பண்ணை வீட்டின் ஐந்தாவது பிள்ளை, கடைக்குட்டி. பதினொன்றிலிருந்து பதினெட்டு வயதுவரை என்ன செய்தேன் என்று நோபல் பரிசையொட்டி எழுதிய குறிப்பில் அவரே சொல்கிறார். மின்சார ஒலிப்பதிவுக் கருவி செய்தார். வீட்டில் செய்த கிளைடரைக் கட்டிக்கொண்டு வைக்கோற்போர் உச்சியிலிருந்து குதித்தார். தார் பீப்பாயில் நீர் நிரப்பி, அசிட்டிலீன் வாயுவை வைத்து அதை எவ்வளவு உயரம் செலுத்தலாம் என்று பார்த்து உயிரை விடப்போனார். நியூவார்க் ஊரின் மாக்னஸ் பள்ளியில் இயற்பியலும் கணிதமும் தவிர வேறெதுவும் அவருக்கு எளிதில் ஏறவில்லை. போர்க்காலத்தில் விமானப்படையில் ரேடார் வேலை, பிறகு லண்டன் ஃபாரடே ஹவுஸில் டிப்ளமா, 1951இல் இ.எம்.ஐ. நிறுவனத்தில் சேர்ந்தார்.

பல கோணங்களிலிருந்து கதிரைச் செலுத்தி, கணக்குப் போட்டு, உள்ளிருப்பதை வெட்டுமுகமாக வரையலாம் என்பது அவருடைய எண்ணம். முதல் கருவியைக் கடைசல் எந்திரத்தின் படுகைமேல் அமைத்தார். ஒரு படத்துக்கு அளவெடுக்க 9 நாள், கணிப்பொறி அதைக் கணக்கிட இரண்டரை மணி நேரம். இந்த நிலையில் அவருக்குக் கிடைத்தவர் ஜேம்ஸ் ஆம்புரோஸ். அட்கின்சன் மோர்லி மருத்துவமனையின் கதிர்வீச்சு மருத்துவர். மூளைக்கட்டி எங்கே இருக்கிறதென்று தெரியாமல் அறுவைக்குப் போகும் துயரத்தை அன்றாடம் பார்த்தவர். 1971 அக்டோபர் 1ஆம் தேதி அந்த மருத்துவமனையில் முதல் நோயாளிக்கு ஸ்கேன் எடுத்தார்கள். 1979இல் ஆலன் கோர்மாக்கோடு சேர்த்து நோபல் பரிசு வந்தது. இன்றும் சி.டி. படத்தின் அடர்த்தி அளவுக்கு ஹவுன்ஸ்ஃபீல்டு பெயர்தான்: தண்ணீருக்கு 0, காற்றுக்கு மைனஸ் 1000. தண்ணீர் நிரப்பிய உருளையைக் கருவியில் வைத்து அந்த 0 சரியாக வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எங்கள் வேலை தொடங்கும். வைக்கோற்போரிலிருந்து குதித்த பையனின் பெயர் ஒவ்வொரு காலையும் எங்கள் பதிவேட்டில் ஏறியது.

அமெரிக்காவின் மின்னியாபோலிஸில் ஏர்ல் பேக்கன் கதையும் இப்படித்தான். சிறுவனாகப் பார்த்த 'ஃபிராங்கன்ஸ்டைன்' திரைப்படத்தில் மின்சாரம் உயிரூட்டும் காட்சி மனதில் தங்கிவிட்டது. மின்பொறியியல் படித்தார். அவர் மனைவி மருத்துவமனையில் ஆய்வகத் தொழில்நுட்பர். மனைவியை அழைத்துப்போக வந்தவரிடம் பழுதான கருவிகளைக் காட்டி, "இதைக் கொஞ்சம் பாருங்கள்" என்று மருத்துவமனைக்காரர்கள் கேட்கத் தொடங்கினார்கள். 1949இல் மைத்துனரோடு ஒரு கார் கொட்டகையில் ரிப்பேர் கடை போட்டார். மெட்ரானிக் நிறுவனத்தின் தொடக்கம் அந்தக் கொட்டகை. 1957 அக்டோபர் 31இல் நகரில் மின்சாரம் போயிற்று. சுவரில் சொருகி ஓடிய பேஸ்மேக்கர்களை நம்பியிருந்த குழந்தைகளுக்கு ஆபத்து வந்தது. இதய அறுவை மருத்துவர் வால்டன் லில்லிஹை மறுநாளே பேக்கனைக் கேட்டார்: பேட்டரியில் ஓடும்படி ஒன்று செய்ய முடியுமா? இசைக்குத் தாளம் தட்டும் மெட்ரோனோம் சுற்று ஒன்றைப் 'பாப்புலர் எலெக்ட்ரானிக்ஸ்' இதழில் பேக்கன் பார்த்திருந்தார். அந்தச் சுற்றை மாற்றியமைத்து, டிரான்சிஸ்டர் வைத்து, கையடக்கப் பெட்டியாக நான்கு வாரத்தில் கொடுத்தார். ஒரு பொழுதுபோக்கு இதழை வாசித்த பழக்கமும் மருத்துவமனை வராந்தாவில் காத்திருந்த நேரமும் அந்தப் பெட்டிக்குள் சேர்ந்திருந்தன.

டயாலிசிஸ் தந்த வில்லெம் கோல்ஃப் மருத்துவர் பக்கத்திலிருந்து வந்தவர். அப்பா காசநோய் மருத்துவமனையின் தலைவர். மனிதர்கள் சாவதைப் பார்க்க மனமில்லாமல் மிருகக்காட்சிசாலை இயக்குநராக வேண்டும் என்று ஆசைப்பட்டார் சிறுவன் கோல்ஃப். ஹாலந்தில் இருப்பதே மூன்று மிருகக்காட்சிசாலைதான் என்று அப்பா எடுத்துச் சொன்னார். மருத்துவரான பிறகு ஒரு இளைஞர் சிறுநீரகம் செயலிழந்து இறப்பதைப் பக்கத்திலிருந்து பார்க்க நேர்ந்தது. ஜெர்மனியின் ஆக்கிரமிப்பில் இருந்த காம்பன் ஊரில், 1943இல், தொத்திறைச்சிக்கு உறையாகப் பயன்படும் செலோஃபேன் குழாயை மரச்சட்ட உருளையில் சுற்றி, ஊர் எனாமல் தொழிற்சாலை செய்துகொடுத்த தொட்டியில் உப்புநீர் நிரப்பி ரத்தத்தைச் சுத்திகரிக்க முயன்றார். முதலில் சிகிச்சை பெற்ற 16 பேரில் ஏறக்குறைய எல்லோரும் இறந்தார்கள். 1945இல் 67 வயதுப் பெண்மணி ஒருவர் கோமாவிலிருந்து எழுந்தார். இன்று நம் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் ஓடும் டயாலிசிஸ் எந்திரங்களுக்கெல்லாம் அந்தத் தொட்டிதான் மூத்தது.

கொல்லிமலையில் பிறந்தவர்

எங்கள் வேலூர் பக்கத்துக்கு இந்த வரலாற்றில் பெரிய இடம் இருக்கிறது. பால் பிராண்ட் 1914இல் கொல்லிமலையில் பிறந்தவர். அங்கே மிஷனரிகளாக இருந்த ஜெஸ்ஸி, எவலின் தம்பதியின் மகன். ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்து அனுப்பினார்கள். பதினாறு வயதில் பள்ளியை விட்டுக் கட்டட வேலை கற்கப் போனார். தச்சு, கல்வேலை, கூரைவேலை எல்லாம் பழகினார். மருத்துவம் படித்தது அதற்குப் பிறகு. 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில் மடங்கிப்போன கைகளைப் பார்த்தார். விரல்கள் அசையாவிட்டாலும் சில தசைகள் நல்ல பலத்தோடு இருந்தன. நல்ல தசைநாரை எடுத்து வேலை செய்யாத விரலோடு இணைத்தால் கை மறுபடி திறக்கும் என்று கண்டார். மரத்தில் இழுவிசை எந்தப் பக்கம் போகிறதென்று பார்த்துப் பழகிய கண் அது.

அவர் எழுதியுள்ள ஒரு நிகழ்ச்சியை நான் எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்வேன். துருப்பிடித்த பூட்டு ஒன்றை அவரால் திறக்க முடியவில்லை. தொழுநோய் கண்ட ஒரு சிறுவன் வந்து சாவியைத் திருகித் திறந்துவிட்டான். இவ்வளவு சின்னப் பையனுக்கு எப்படி இத்தனை பலம் என்று கையைப் பிடித்துப் பார்த்தால், விரல் எலும்பு தெரியும் அளவுக்கு வெட்டுப்பட்டிருந்தது. பையனுக்குத் தெரியவேயில்லை. விரல்கள் அழிவதற்கு நோய் நேர்க்காரணம் அல்ல, வலி தெரியாததே காரணம் என்ற முடிவுக்கு பிராண்ட் வரத் துணைநின்ற நிகழ்ச்சிகளில் அது ஒன்று. பாதத்தில் புண் வருவதும் அதே போலத்தான்: ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தம். அழுத்தத்தைப் பாதம் முழுக்கப் பரப்பும் செருப்பு தேவைப்பட்டது. மெழுகு, மரம், தோல் என்று பலவற்றை முயன்று நுண்துளை ரப்பர் அடிக்கு வந்து சேர்ந்தார்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு இன்று மருத்துவர் எழுதிக்கொடுக்கும் எம்.சி.ஆர். செருப்பு அந்த வழியில் வந்தது. பிராண்ட் 1966இல் அமெரிக்கா போய், வலிக்குப் பதிலாக எச்சரிக்கும் மின்னணுக் கையுறை செய்து பார்த்தார். எச்சரிக்கை தொந்தரவானபோது நோயாளிகள் அதை அணைத்துவிட்டார்கள். அந்த முயற்சி கைவிடப்பட்டது. கருவி சரியாக வேலை செய்தால் மட்டும் போதாது, மனிதர் அதோடு வாழச் சம்மதிக்கவேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எங்கள் துறையில் இல்லை.

ஜெய்ப்பூர் கால் 1968இல் உருவானது. எலும்பு மருத்துவர் பி.கே. சேத்தியோடு அதைச் செய்தவர் ராம்சந்திர சர்மா என்ற கைவினைக் கலைஞர். அவர் பள்ளியில் படித்தது சில வகுப்புகளே. வெளிநாட்டுச் செயற்கைக் காலோடு சம்மணமிட முடியாது, வயலில் இறங்க முடியாது, வெறுங்காலோடு கோயிலுக்குப் போக முடியாது என்பதை இருவரும் வார்டில் பார்த்திருந்தார்கள். டயருக்கு ரப்பர் வைக்கும் முறையிலேயே பாதத்தை வார்த்தார்கள்.

அப்துல் கலாம் எம்.ஐ.டி.யில் படித்தது விமானப் பொறியியல். ஏவுகணைக்காகச் செய்த எடை குறைந்த கலவைப் பொருளை, ஆய்வகம் பார்க்க வந்த ஐதராபாத் நிஜாம் மருத்துவ நிறுவனத்தின் எலும்பு மருத்துவர் கையில் தூக்கிப் பார்த்தார். உடனே கலாமை வார்டுக்கு அழைத்துப்போய், மூன்று கிலோவுக்கு மேல் எடையுள்ள இரும்புக் காலிப்பரைக் கட்டிக்கொண்டு காலை இழுத்து நடக்கும் பிள்ளைகளைக் காட்டினார். மூன்று வாரத்தில் 300 கிராம் காலிப்பர் வந்தது. அந்தப் பொருள் ஆய்வகத்தில் முன்பே இருந்தது. வார்டுக்குள் கலாம் நடந்துபோன அந்தச் சில நிமிடங்கள்தான் அதுவரை இல்லாதிருந்தன.

திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா நிறுவனத்தில் இதய அறுவை மருத்துவர் எம்.எஸ். வலியத்தான், பொறியாளர்களை மருத்துவமனையோடு ஒரே நிறுவனத்தில் வைத்து இதய வால்வு செய்ய முனைந்தார். வெளிநாட்டு வால்வு வாங்க முடியாமல் இளம்பிள்ளைகள் இறப்பதைப் பார்த்தவர். வால்வு ஆண்டுக்கு ஏறத்தாழ 4 கோடி முறை திறந்து மூடவேண்டும், பல ஆண்டுகளுக்குத் தேயக் கூடாது. முதல் மூன்று மாதிரிகளும் தோற்றன. நான்காவது மாதிரி, கோபால்ட் உலோகக்கலவைச் சட்டமும் பாலிஎத்திலீன் தட்டும் கொண்டது, செம்மறியாடுகளில் வெற்றி கண்டது. 1990 டிசம்பர் 6ஆம் தேதி முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். சென்னையின் டி.டி.கே. நிறுவனம் உற்பத்தியை ஏற்றது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு அது பொருத்தப்பட்டிருக்கிறது. பிற்பாடு ஸ்ரீசித்திரா நிறுவனமும் ஐ.ஐ.டி. மெட்ராஸும் வேலூர் சி.எம்.சி.யும் சேர்ந்து மருத்துவப் பொறியியலுக்குக் கூட்டாகப் பாடம் நடத்த ஆரம்பித்தன. பொறியியல் மாணவர் மருத்துவமனையில் தங்கிக் கற்கும் அந்தத் திட்டம், வரலாறு ஏற்கெனவே காட்டிய வழிதான்.

பள்ளி ஆய்வகத்தில் இருப்பவை

இத்தனையும் கேட்டுவிட்டுப் பிள்ளைகள், "எங்க ஸ்கூல்ல அப்படி ஒண்ணும் இல்லையே மேடம்" என்பார்கள். இருக்கிறது.

லைடன் நகரில் ஐந்தோவன் 1900களின் தொடக்கத்தில் செய்த ஈ.சி.ஜி. கருவி சுமார் 270 கிலோ எடை. இயக்க ஐந்து பேர் வேண்டும். காந்தப்புலத்துக்கு நடுவே ஒரு மெல்லிய இழை. இதயத்தின் மின்னோட்டம் பாயும்போது அது அசையும். பிளஸ் டூ ஆய்வகத்தின் கால்வனாமீட்டரில் முள் அசைவதும் இதே விதியால்தான். நோயாளி இரண்டு கைகளையும் ஒரு காலையும் உப்புக்கரைசல் ஜாடிகளில் வைத்து உட்காருவார். மருத்துவமனையிலிருந்து ஆய்வகத்துக்கு ஒன்றரை கிலோமீட்டர் தூரம் தொலைபேசிக் கம்பி வழியாக அந்த மின்னோட்டத்தை ஐந்தோவன் கொண்டுவந்தார். மீட்டர் பிரிட்ஜ் சோதனையில் மின்தடையைச் சமன்செய்கிறோமே, ஐ.சி.யூ.வில் தமனி அழுத்தத்தை அளக்கும் உணரிக்குள் இருப்பதும் அதே வீட்ஸ்டன் பாலம். ஆமணக்கெண்ணெயில் குண்டு விழும் வேகத்தைப் பார்க்கும் ஸ்டோக்ஸ் சோதனை, ரத்தத்தின் பாகுநிலையைப் புரிந்துகொள்ள முதல் படி. கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர், ஜப்பானின் தாகுவோ அவோயாகி 1970களில் கண்டறிந்த முறையில் சிவப்பொளியும் அகச்சிவப்பொளியும் ரத்தத்தில் எவ்வளவு உறிஞ்சப்படுகின்றன என்று பார்க்கிறது.

ஆகையால் பயோமெடிக்கல் நினைப்புள்ள பிள்ளைக்கு நான் வைக்கும் முதல் நிபந்தனை: ரெக்கார்ட் நோட்டில் சொந்த அளவுகளை எழுதவேண்டும். போன வருடத்து அக்காவின் நோட்டைப் பார்த்து அளவுகளைப் பெயர்த்தெழுதும் பழக்கம் நம் பள்ளிகளில் பரவலாக உண்டு. விடை சரியாக வரும், மதிப்பெண்ணும் வரும். ஆனால் மருந்தைத் துளித்துளியாகச் செலுத்தும் பம்ப் மணிக்கு 5 மில்லி என்று காட்டும்போது உண்மையில் எவ்வளவு போகிறதென்று அளந்து கையெழுத்திடுவது எங்கள் வேலை. அங்கே பெயர்த்தெழுதிய எண் ஒரு குழந்தையின் உயிரை எடுக்கும். அளவு தப்பாக வந்தால் தப்பாகவே எழுது, ஏன் தப்பிற்று என்று தேடு. பதினாறு வயதில் அந்த நேர்மை கைக்கு வந்துவிட்டால் பிறகு மாறாது.

இரண்டாவது, கணிதமும் உயிரியலும் சேர்ந்த குரூப்பை எடு. பொறியியல் கட்-ஆஃபில் உயிரியலுக்கு இடமில்லை என்பது தெரிந்தே சொல்கிறேன். உயிரியல் இல்லாமலும் இந்தப் பிரிவில் சேரலாம், சேர்ந்து நன்றாக வந்தவர்களும் உண்டு. ஆனால் நுரையீரல் எப்படி விரிகிறதென்று அறிந்தவளுக்கு வென்டிலேட்டரின் வரைபடம் முதல் நாளே பேசும்.

மூன்றாவது, உழைக்கும் கையோடு பழகு. ரேடியோ கடை இன்று ஊரில் இல்லாமல் இருக்கலாம். மிக்ஸி ரிப்பேர் கடை, லேத் பட்டறை, செருப்புத் தைப்பவர், தையல்காரர் எல்லோரும் இருக்கிறார்கள். சென்னையில் இருந்தால் கே.கே. நகர் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையத்தில் செயற்கைக் கால் செய்வதை ஆசிரியர் மூலம் அனுமதி கேட்டுப் பார்க்கலாம். ஓடாத பி.பி. கருவியை, பேட்டரியைக் கழற்றிவிட்டுத் திறந்து பார். காற்றுப்பை, சின்ன மோட்டார், அழுத்த உணரி, வால்வு: முக்கிய பாகங்கள் நான்கே. சுவரில் சொருகி ஓடும் எதையும் பெரியவர் இல்லாமல் திறக்காதே. ரிச்சி தெருவில் ரெடிமேடாகக் கிடைக்கும் புராஜெக்டை வாங்கிக் கண்காட்சியில் வைப்பதால் பரிசு கிடைக்கலாம், கைக்கு ஒன்றும் சேராது.

நான்காவதுதான் எல்லாவற்றிலும் பெரிது. நோயாளியின் பக்கத்தில் இரு. பாட்டியின் ரத்த அழுத்தத்தை ஒரு மாதம் காலையும் மாலையும் அளந்து எழுது. கைப்பட்டையை ஏன் இறுக்கமாகக் கட்டவிடமாட்டேன் என்கிறாள், திரையின் எழுத்து ஏன் அவளுக்குத் தெரியவில்லை என்று கேட்டு அதையும் எழுது. உறவில் யாருக்காவது டயாலிசிஸ் நடந்தால் துணைக்குப் போ. எந்தச் சத்தத்துக்கு நர்ஸ் ஓடிவருகிறார், எதற்கு வரவில்லை என்று கவனி. யாரையும் படமெடுக்காதே, யார் நோயையும் வெளியே பேசாதே. இந்தத் தொழிலின் முதல் ஒழுக்கம் அது.

இவை எதற்கும் தமிழ்நாட்டுக் கலந்தாய்வில் அரை மதிப்பெண்கூடக் கிடைக்காது. மதிப்பெண்ணுக்காகத் தனியே உழைக்கத்தான் வேண்டும். வெளிநாட்டுக் கல்லூரிக்கு விண்ணப்பிப்பவர்களிடம் இத்தகைய அனுபவங்களைக் கேட்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் படிவத்தை நிரப்புவதற்காக நான்கு நாள் மருத்துவமனைக்குப் போய்வந்த பிள்ளைக்கும், பாட்டியின் கைப்பட்டையைத் தானே தைத்து மாற்றிக்கொடுத்த பிள்ளைக்கும் உள்ள வேறுபாட்டை எங்களைப் போன்றவர்கள் ஐந்து நிமிடப் பேச்சில் கண்டுகொள்வோம். இந்த அனுபவங்களின் பயன் முன்கூட்டியே தெரிந்துகொள்வதில் இருக்கிறது. ரத்தம் பட்ட கருவியைக் கழுவித் திறக்க மனம் ஒப்புமா, நள்ளிரவில் அழைப்பு வந்தால் எழுந்து போகத் தோன்றுமா என்பதைக் கட்டணம் கட்டி நான்காண்டு போனபிறகு தெரிந்துகொள்வது பிள்ளைக்கும் வீட்டுக்கும் பெரிய இழப்பு. சிலருக்குப் பிடிக்காது என்று தெரியவரும். அவர்கள் வேறு பிரிவுக்குப் போவதும் நல்லதே.

பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு பெரிய மருத்துவமனையிலும் கருவிப் பராமரிப்பு அறை ஒன்று இருக்கிறது. கழித்துக் கட்டிய கருவிகள் அங்கே குவிந்து கிடக்கின்றன. மாதத்தில் ஒரு சனிக்கிழமை பிற்பகல், ஆசிரியரோடு வரும் பத்துப் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அந்தக் கதவைத் திறந்துவிடுங்கள். ஒரு பழைய பம்பைக் கழற்ற விடுங்கள். வார்டு நர்ஸ் ஒருவரை வந்து பேசச் சொல்லுங்கள். கணிதக்காரப் பிள்ளையும் உயிரியல்காரப் பிள்ளையும் ஒரே மேசையில் நிற்கட்டும். இதற்குப் பெரிய செலவில்லை. என் ஓய்வுக்காலத்தில் இப்படி ஒரு மேசைக்கு அழைத்தால் எந்த ஊருக்கும் வரத் தயாராக இருக்கிறேன்.

விண்ணப்பப் படிவத்தில் பயோமெடிக்கல் என்று எழுதப்போகும் பிள்ளைக்கு நான் வைக்கும் தகுதி சிறியதுதான். அதை எழுதும் நாளுக்குள் ஒரு கருவியின் உள்பாகங்கள் உனக்குத் தெரிந்திருக்கவேண்டும். அதைப் பயன்படுத்தும் ஒரு மனிதரின் சிரமமும் தெரிந்திருக்கவேண்டும். இரண்டும் தெரிந்தால் தயங்காமல் எழுது.